புதிய ஈஎஸ்எஸ் பாடம்: வகுப்பெடுக்கப் போகும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐபி எனப்படும் இண்டர்நேஷனல் பாக்கலாரியேட்டின் டிப்ளமோ திட்டத்தில், 11, 12ஆம் வகுப்பு வயது மாணவர்களுக்கு 'சூழல் அமைப்புகளும் சமூகங்களும்' என்றொரு பாடம் உண்டு. பள்ளிகளில் யாரும் அதை முழுப் பெயரில் அழைப்பதில்லை, ஈஎஸ்எஸ் என்றால்தான் தெரியும். அந்தப் பாடம் அடியோடு திருத்தப்பட்டு 2024 ஆகஸ்டில் வகுப்புகளுக்கு வந்தது. புதிய முறையில் முதல் தேர்வு ஆண்டு 2026. கொடைக்கானல் இண்டர்நேஷனல் பள்ளி 1976இல் இந்தியாவின் முதல் ஐபி பள்ளியானது. இன்று சென்னை, கோவை பக்கமெல்லாம் ஐபி பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் உயிரியலோ புவியியலோ நடத்திக்கொண்டிருந்து, இப்போது ஈஎஸ்எஸ் கைக்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது அறிவியல் பாடமா, சமூகவியல் பாடமா?

இரண்டும்தான். டிப்ளமோவில் மாணவர் ஆறு பாடம் எடுக்கிறார். மூன்றாவது தொகுதி வரலாறு, பொருளியல், புவியியல் போன்றவை. நான்காவது தொகுதி அறிவியல். ஈஎஸ்எஸ் எடுத்தால் அதை இரண்டில் ஒன்றுக்குக் கணக்கு வைக்கலாம், அல்லது ஒரே பாடத்தால் இரண்டு தொகுதியையும் நிரப்பிவிட்டு, மிஞ்சும் இடத்தில் வேறு விருப்பப் பாடம் எடுக்கலாம். பல மாணவர்கள் இந்த வசதிக்காகத்தான் வந்து சேருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் "பாதி அறிவியல், பாதி கதை, சுலபமாக மார்க் வாங்கலாம்" என்று யாரோ சொல்லிக் கேட்டு வருபவர்களிடம் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள்.

அப்படி என்னதான் மாறியது?

பெரிய மாற்றம், எச்.எல். எனப்படும் உயர்நிலை வந்திருப்பது. அதுவரை ஈஎஸ்எஸ் எஸ்.எல். எனப்படும் சாதாரண நிலையில் மட்டுமே இருந்தது. இப்போது 150 மணி நேர எஸ்.எல்., 240 மணி நேர எச்.எல். என இரண்டும் உண்டு. எச்.எல். மாணவர்கள் பல தலைப்புகளில் கூடுதல் பகுதிகளைப் படிப்பதோடு, சூழல் சட்டம், சூழல் பொருளியல், சூழல் அறம் என்ற மூன்று 'லென்ஸ்'களையும், அதாவது பாடத்தைப் பார்க்கும் கோணங்களையும், படிக்க வேண்டும்.

தலைப்புகள் முன்பும் எட்டு, இப்போதும் எட்டு. அடித்தளம், சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு, நீர், நிலம், வளிமண்டலமும் காலநிலை மாற்றமும், இயற்கை வளங்கள், மக்கள்தொகையும் நகரமும். பழைய ஆசிரியர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்து "அதே சரக்குதானே" என்பார்கள். தலைப்பளவில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளே போனால் நகர அமைப்புக்கும் நகரக் காற்று மாசுக்கும் தனித்தனி இடம் கிடைத்திருக்கிறது. பாதுகாப்போடு மீட்டுருவாக்கமும் சேர்ந்திருக்கிறது. மாணவர் தானே ஆய்வு செய்து எழுதும் அறிக்கையான அகமதிப்பீட்டின் அளவுகோல்களையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

நான் உயிரியல் ஆசிரியர். சட்டமும் பொருளாதாரமும் எனக்கு எப்படித் தெரியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். புவியியல் ஆசிரியர் இதையே திருப்பிக் கேட்கிறார்: "நைட்ரஜன் சுழற்சியை நான் எப்படி நடத்துவது?"

நேர்மையான பதில்: எந்த ஒருவருக்கும் இந்தப் பாடம் முழுவதும் சொந்தமில்லை. பள்ளி ஒப்புக்கொண்டால் இரண்டு பேர் பகிர்ந்து எடுப்பது நல்லது. ஆனால் "அறிவியல் எல்லாம் உனக்கு, சமூகம் எல்லாம் எனக்கு" என்று தலைப்புவாரியாகப் பிரித்துக்கொண்டால், மாணவர்கள் இரண்டு பாடத்தைத் தனித்தனியாகப் படித்து, தேர்வில்தான் முதன்முதலாக அவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதைவிட ஒரே தலைப்பை இருவரும் ஒரே வாரத்தில் தொடுவது மேல். தனி ஆளாக எடுப்பவர்கள் பொருளியல் ஆசிரியரை வருடத்துக்கு நாலைந்து வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். ஒரு தேநீருக்கு வந்துவிடுவார்கள்.

'பார்வைகள், அமைப்புகள், நீடித்த தன்மை' என்று மூன்று கருத்துகள் சொல்கிறார்களே, அவற்றைத் தனியாக நடத்த வேண்டுமா?

முதல் தலைப்பில் ஒருமுறை அறிமுகம் செய்யத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அவை மற்ற ஏழு தலைப்புகளிலும் ஓட வேண்டும். அமைப்புகள் என்றால் உள்ளீடு, வெளியீடு, இருப்பு, ஓட்டம், பின்னூட்டம். ஒரு ஏரியை வரையச் சொன்னாலே மாணவருக்கு இது பிடிபட்டுவிடும். நீடித்த தன்மைக்கு, பூமி தாங்கக்கூடிய வரம்புகளைச் சொல்லும் ஒன்பது கோள் எல்லைகள் என்ற சட்டகம் கைகொடுக்கும். 2009இல் முன்வைக்கப்பட்ட அந்தச் சட்டகத்தின் 2023 மதிப்பீடு, ஒன்பதில் ஆறு எல்லைகள் மீறப்பட்டுவிட்டன என்றது.

பார்வைகள்தான் கஷ்டம். மாணவர்கள் அதை 'ஆளுக்கொரு கருத்து' என்று சுருக்கிவிடுவார்கள். ஒருவரின் பார்வை அவர் எங்கே வாழ்கிறார், எதில் பிழைக்கிறார், எதை நம்புகிறார் என்பதிலிருந்து வருகிறது என்று காட்ட நல்ல களம் நீலகிரி. சோலையும் புல்வெளியும் கலந்த அந்த மலையில், புல்வெளியை 'பயனில்லாத வெற்று நிலம்' என்று பார்த்தவர்கள் யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். மரம் நடுவது நல்ல காரியம் என்றே நினைத்து நட்டார்கள். அதே புல்வெளி தோடர்களுக்கு எருமை மேய்ச்சல் நிலம், வரையாட்டுக்கு வீடு. இன்று அந்த அயல் மரங்களை அகற்றுவதே பாதுகாப்பு வேலையாகிவிட்டது. மரம் வெட்டுவதும் சூழல் பாதுகாப்பாக இருக்கலாம் என்று சொன்னதும் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

எச்.எல். லென்ஸ்கள் மூன்றையும் எப்போது நடத்துவது?

கடைசியில் மொத்தமாக நடத்தாதீர்கள். சட்டத்துக்கு இரண்டு வாரம், அறத்துக்கு இரண்டு வாரம் என்று ஒதுக்கினால் அது வரையறைகளை மனப்பாடம் செய்யும் வகுப்பாகிவிடும். ஆழமான உள்ளூர் வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு வருடமும் அதற்கே திரும்பத் திரும்ப வாருங்கள் என்பது என் கட்சி. என்னைக் கேட்டால் பாலாறு.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வரும் ஆறு. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எல்லாம் அதன் கரையோரத் தோல் ஊர்கள். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் தொழிற்சாலைக்கு வருகிறது. முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அப்புறம் குரோமியம் உப்பில் பதனிடுவது. கழிவுநீரில் இரண்டும் இருக்கும். ஆற்றில் நீரோட்டம் இல்லாததால் நீர்த்துப்போகவும் வழியில்லை. மண்ணிலும் கிணற்றிலும் இறங்குகிறது. இவ்வளவு சொன்னதிலேயே நீர் மாசு, மண் உவர்தன்மை, அமைப்பின் எல்லையை எங்கே வரைவது என்ற கேள்வி, மூன்று மாநில நதி அரசியல் எல்லாம் வந்துவிட்டன.

சட்டம்: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'முன்னெச்சரிக்கைக் கொள்கை'யும் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையும் இந்நாட்டுச் சூழல் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, இத்தகைய வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு அமைக்கவும் யோசனை சொன்னது. உலகத்தில் எந்தப் பள்ளியில் இந்த லென்ஸை நடத்தினாலும் இந்த இரண்டு கொள்கைகளையும் தொடாமல் போக முடியாது. நமக்கு அதன் இந்தியத் தீர்ப்பே வேலூரிலிருந்து வந்திருக்கிறது.

பொருளியல்: ஷூ வாங்குபவர் கொடுக்கும் விலையில் கிணறு கெட்ட விவசாயியின் நட்டம் இல்லை. இதைத்தான் புறவிளைவு என்கிறார்கள். சின்ன ஆலைகளால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது, அதனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அதன் செலவை யார், எந்த விகிதத்தில் ஏற்பது? சூழல் பொருளியலுக்கும் சூழலியல் பொருளியலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதலாவது, நட்டத்துக்கு விலை போட்டு அதைச் சந்தைக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. இரண்டாவது, பொருளாதாரமே இயற்கைக்குள் அடங்கியது, உவர்ந்துபோன மண்ணைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்கிறது.

அறம்: ஆலையை மூடினால் வேலை போவது யாருக்கு? தோல் வேலையைச் சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதை வகுப்பில் தவிர்த்தால், சூழல் நீதி என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. தோல் பொருள்களில் கணிசமானது ஏற்றுமதி. அப்படியானால் வெளிநாட்டில் வாங்குபவரின் பொறுப்பு எவ்வளவு? நதிக்கே உரிமை உண்டா என்று மாணவர் கேட்டால், நியூசிலாந்தின் வாங்கனூயி ஆற்றுக்கு 2017இல் சட்ட ஆளுமை கிடைத்ததையும், 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையை உயிருள்ள ஆளாகவே அறிவித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

தேர்வு எப்படி?

எஸ்.எல்.: தாள் 1 ஒரு மணி நேரம், 35 மதிப்பெண், 25 சதவீதம். தாள் 2 இரண்டு மணி நேரம், 60 மதிப்பெண், 50 சதவீதம். மீதி 25 சதவீதம் அகமதிப்பீடு.

எச்.எல்.: தாள் 1 இரண்டு மணி நேரம், 70 மதிப்பெண், 30 சதவீதம். தாள் 2 இரண்டரை மணி நேரம், 80 மதிப்பெண், 50 சதவீதம். அகமதிப்பீடு 20 சதவீதம்.

தாள் 1இல் ஒரு இடத்தைப் பற்றிய தகவல் கையேடு கொடுப்பார்கள். வரைபடம், அட்டவணை, செய்தித் துணுக்கு எல்லாம் அதில் இருக்கும். மாணவர் கேள்விப்பட்டே இராத இடமாக இருக்கலாம். படித்த எடுத்துக்காட்டை அங்கே கொட்ட முடியாது, கையேட்டைத்தான் வாசிக்க வேண்டும். தாள் 2இல் குறுவினாக்களும் கட்டுரைகளும். உள்ளூர் வழக்குகள் அங்கேதான் உதவும்.

அகமதிப்பீட்டில் எங்கே மதிப்பெண் போகிறது?

மாணவர் தானே கேள்வி வகுத்து, தரவு சேகரித்து, 3,000 சொற்களுக்குள் அறிக்கை எழுத வேண்டும். இதற்குப் பத்து மணி நேரம். எஸ்.எல்., எச்.எல். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே 30 மதிப்பெண். ஆய்வுக் கேள்வி 4, உத்தி 4, முறை 4, தரவுகளைக் கையாளுதல் 6, பகுப்பாய்வும் முடிவும் 6, மதிப்பீடு 6.

இதில் 'உத்தி'தான் எல்லாரையும் குழப்புகிறது. ஆய்வோடு தொடர்புடைய சூழல் சிக்கலைத் தீர்க்க ஏற்கெனவே நடைமுறையில் உள்ள, அல்லது உருவாகிவரும் ஓர் உத்தியை மாணவர் எடுத்துச் சொல்லி, அதைச் சுற்றியுள்ள பார்வைகளுக்கு இடையே எங்கே இழுபறி இருக்கிறது என்று விளக்க வேண்டும். உயிரியல் ஆசிரியர்கள் இதை முன்னுரையில் ஒரு பத்தியாக முடித்துவிடச் சொல்வார்கள். அங்கேதான் நான்கு மதிப்பெண் நழுவுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பிரதான சாலையிலிருந்து தூரம் கூடக்கூட இலையில் படியும் தூசி எவ்வளவு குறைகிறது என்று ஒரு மாணவி அளக்கிறாள். ஒரே வகை மரம், ஒரே உயரத்து இலை, இலைப்பரப்பைக் கட்டத்தாளில் எண்ணி, துடைத்தெடுத்த தூசியை எடை போட வேண்டும். சுலபமான வேலை, செலவும் இல்லை. உத்தி, சாலையோரப் பசுமை வேலி. இழுபறி எங்கே? சாலையை அகலப்படுத்தக் கேட்கும் கடைக்காரர்கள் ஒரு பக்கம், மரத்தை வெட்டக் கூடாது என்னும் குடியிருப்போர் இன்னொரு பக்கம். நடைபாதையில் கடை போட்டிருப்பவரை இரண்டு தரப்பும் கேட்பதில்லை. அந்த மூன்றாமவரை அவள் கவனித்து எழுதியிருந்தால் அந்த அறிக்கை வேறு தரத்துக்குப் போய்விடும்.

கருத்துக்கணிப்பும், ஏற்கெனவே வெளியான தரவுகளை வைத்துச் செய்யும் ஆய்வும் ஏற்கப்படும். கணிப்பு என்றால் பதில் சொல்பவரின் ஒப்புதல் கட்டாயம். 'மக்களிடம் சூழல் விழிப்புணர்வு உள்ளதா' என்பது போன்ற கேள்விகளை மட்டும் ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள்.

பள்ளி நகரத்துக்குள் இருக்கிறது. களப்பணிக்கு எங்கே போவது?

செய்முறைக்கு 30 மணி நேரம், மற்ற அறிவியல் மாணவர்களோடு சேர்ந்து செய்யும் கூட்டுத் திட்டத்துக்கு 10, அகமதிப்பீட்டுக்கு 10. ஆக, 50 மணி நேரம் கைவேலை. காடு தேட வேண்டாம். விளையாட்டு மைதானத்தின் மிதிபடும் பக்கத்திலும் மிதிபடாத ஓரத்திலும் சதுரச் சட்டம் போட்டுச் செடிகளை எண்ணினால் பல்லுயிர்க் குறியீடு வந்துவிடும். கேண்டீன் குப்பையை வகைபிரித்து எடை போட்டால் திடக்கழிவுப் பாடம் முடிந்தது.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதியை 2022இல் பெற்ற சதுப்புநிலம். ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, நடுவே பறவைகள். 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் ஒரே ஊர் நான்கு வருட இடைவெளியில் ஏன் பார்த்தது என்ற கேள்விக்கு அங்கே நின்று பதில் தேடலாம். போவதற்கு முன் வனத்துறை அனுமதி வேண்டுமா என்று பள்ளி அலுவலகத்தை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு எவ்வளவு வரும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. சதவீதம், சராசரி, வரைபடம், பல்லுயிர் வளத்தை அளக்கும் சிம்ப்சன் குறியீடு, ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையை மதிப்பிட, பிடித்து அடையாளமிட்டு மறுபடி பிடிக்கும் லிங்கன் குறியீடு. 40 நத்தைகளை அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்த 50இல் 10 அடையாளத்தோடு இருந்தால், 40ஐ 50ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்து, மொத்தம் சுமார் 200 நத்தைகள் என்கிறோம். மக்கள்தொகை இரட்டிப்பாக எத்தனை வருடம் என்றால் 70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் போதும். அகமதிப்பீட்டில் புள்ளியியல் சோதனை போடும் மாணவர், அதை ஏன் போட்டார் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈஎஸ்எஸ் எடுத்தால் மருத்துவம் சேரலாமா என்று பெற்றோர் கேட்கிறார்களே?

நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஈஎஸ்எஸ் உயிரியலுக்கு மாற்று ஆகாது. இதைப் பாடம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் சண்டை பெரிது. சட்டம், பொருளியல், நகரத் திட்டமிடல், சூழல் அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு துறையும் வேறு வேறு மாதிரி நடத்துகிறது. துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லா விடையிலும் 'மனிதன் இயற்கையை அழிக்கிறான்' என்றே எழுதுகிறார்கள். என்ன செய்ய?

அந்த 'மனிதன்' யார் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். எண்ணூர் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் சேர்ந்தது மீனவரால் அல்ல. யார், எங்கே, எதன் பொருட்டு, யாருடைய செலவில் என்று நான்கு கேள்விக்கும் பதில் இல்லாத வாக்கியத்துக்கு டிக் போடாமல் விட்டாலே சில மாதங்களில் எழுத்து மாறும். 'விவரி', 'விளக்கு', 'மதிப்பிடு' என்ற கட்டளைச் சொற்களுக்கு வேறு வேறு விடை எழுத வேண்டும் என்பதையும் அப்போதே சேர்த்துப் பழக்குங்கள்.

காலநிலைப் பாடத்தில் சில பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகிறார்கள்.

ஆம், நடக்கிறது. பொய்யான நம்பிக்கை கொடுக்க வேண்டியதில்லை. ஆறாம் தலைப்பின் கடைசிப் பகுதி ஓசோன் படலம். 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு உலக நாடுகள் ஒன்றுகூடிக் குளோரோஃபுளோரோகார்பன்களை ஒழித்த வரலாறு அது. காலநிலைக்கு முன்பே அதை நடத்திவிட்டால், 'இதில் முடிந்தது, அதில் ஏன் முடியவில்லை' என்று வகுப்பு தானாகவே கேட்கும். சோர்வை விட அந்தக் கேள்வி பயனுள்ளது. ரொம்பவே கலங்கும் பிள்ளையைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

பழைய புத்தகங்களையும் குறிப்புகளையும் வைத்தே ஓட்டலாமா?

சூழலியல், மண், கார்பன் சுழற்சிப் பகுதிகளுக்குத் தாராளமாக. பழைய தாள்களைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம், ஆனால் எஸ்.எல். மாணவருக்கு மட்டும். எச்.எல். தாளுக்கு முன்மாதிரி என்று பழையது எதுவும் இல்லை, ஐபி கொடுத்த மாதிரித் தாளைத்தான் நம்ப வேண்டும். பழைய அகமதிப்பீட்டு அறிக்கைகளை மட்டும் மாணவர் கண்ணில் காட்டாதீர்கள். அவை 2,250 சொல் வரம்புக்கும் வேறு அளவுகோலுக்கும் எழுதப்பட்டவை, அவற்றில் 'உத்தி' என்ற பகுதியே இருக்காது.

எஸ்.எல்., எச்.எல். இரண்டையும் ஒரே அறையில் நடத்தச் சொல்கிறார்கள். முடியுமா?

முடியும். பல பள்ளிகளில் எண்ணிக்கை குறைவு என்பதால் வேறு வழியும் இல்லை. பொதுப் பகுதியை எல்லாருக்கும் சேர்த்து நடத்திவிட்டு, எச்.எல். மாணவருக்கு வாரத்தில் தனி வகுப்புகள் வேண்டும். வித்தியாசம் 90 மணி நேரம். அதை 'அவர்களே வீட்டில் படித்துக்கொள்வார்கள்' என்று கால அட்டவணை போடுபவர் சொன்னால், 150, 240 என்ற இரண்டு எண்களையும் எழுதி மேசையில் வையுங்கள். ஜூனில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. ஆகஸ்டுக்குப் பிறகு யாரும் அட்டவணையைத் தொட விடமாட்டார்கள்.